தளபதி மோரிசும் பேராசிரியர் மோரிசும்

பாசறையில் ஒலித்த குரல் பின்னாளில் வகுப்பறையில் ஒலிப்பது வரலாற்றில் புதுமையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தென்மாநிலப் படைத்தலைவர் இராபர்ட் லீ, 1865ஆம் ஆண்டு முதல் 1870இல் இறக்கும்வரை வர்ஜீனியாவிலுள்ள வாஷிங்டன் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். போர் ஊர்தியாகிய டாங்கி உருவாகக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரும், பெங்களூரில் பிறந்தவருமான மேஜர் ஜெனரல் எர்னஸ்ட் சுவின்டன், 1925இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் படைத்துறை வரலாற்றுப் பேராசிரியரானார். இவர்களெல்லாம் போர் முடிந்தபின் கல்விப் பணியை நாடியவர்கள். மேஜர் ஜெனரல் சர் பிரடெரிக் மோரிஸ் அவ்வழியில் வந்தவரல்லர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தம் நாற்பத்தேழாம் வயதில், நாட்டின் பிரதமர் கூறியது உண்மையன்று என்று வெளிப்படையாக எழுதியமையால் படைத்துறையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளின் பெரும்பகுதி கற்பித்தலிலும் எழுதுதலிலும் கழிந்தது.

அவர் கற்பித்த பாடம் எது என்பதுதான் கருதத்தக்கது. போர்க்காலத்தில் அரசியல் தலைவர்க்கும் படைத்தலைவர்க்கும் இருக்க வேண்டிய உறவு யாது என்பதே அவருடைய ஆய்வின் நடுப்பொருள். எந்த இடத்தில் அவருக்குக் காயம் பட்டதோ, அந்த இடத்தையே அவர் பாடமாக்கிக்கொண்டார். தனக்குத் தீங்கிழைத்த பொருளைப் பற்றி ஒருவன் நடுவுநிலையோடு பாடம் சொல்ல முடியுமா? இவ்வினாவுக்கு மோரிசின் பிற்கால வாழ்க்கை விடை தருகின்றது.

குடும்ப மரபு

மோரிஸ் 1871ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் பெயரும் பிரடெரிக் மோரிஸ் என்பதே. சமய அறிஞரான அப்பெரியவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். நரக தண்டனை முடிவில்லாதது என்ற கொள்கையை ஐயுற்று அவர் எழுதிய கட்டுரைகள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. 1853இல் கல்லூரி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பதவியிழந்த பேராசிரியர் சோர்ந்து அமரவில்லை. அடுத்த ஆண்டே, 1854இல், நண்பர்கள் சிலருடன் இலண்டனில் தொழிலாளர் கல்லூரியை நிறுவினார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்கள் மாலையில் அங்கு வந்து இலக்கியமும் வரலாறும் கணிதமும் பயின்றனர். கலை அறிஞர் ஜான் ரஸ்கின் அங்கு ஓவிய வகுப்பு நடத்தினார்.

தந்தையார் மேஜர் ஜெனரல் சர் ஜான் பிரடெரிக் மோரிஸ் படைவீரராகவும் படைத்துறை வரலாற்றாசிரியராகவும் விளங்கினார். பணியாளர் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியில் 1885 முதல் 1892 வரை அவர் பேராசிரியர். 1902இல் புனைபெயரில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இங்கிலாந்தை அதிரச் செய்தது. படையில் சேர விரும்பும் ஐவருள் இருவர் மட்டுமே இறுதியில் தகுதியுள்ள வீரராக நிலைக்கின்றனர் என்று அவர் அதில் எடுத்துரைத்தார். நகரத்து ஏழை மக்களின் உடல்நலம் அந்த அளவுக்குக் குன்றியிருந்தது. பேரரசின் பெருமை பேசப்பட்ட காலத்தில் இது கசப்பான செய்தி. ஆயினும் அதனால் எழுந்த விவாதம் வீண்போகவில்லை. 1904இல் அரசுக் குழுவொன்று இதனை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழிசெய்யும் சட்டம் 1906இல் பிறந்தது.

இத்தகைய குடும்பத்தில் வளர்ந்த மோரிஸ், செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் சாண்டுஹர்ஸ்ட் படைத்துறைக் கல்லூரியிலும் பயின்று, 1892இல் படையதிகாரியானார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1897-98இல் நடந்த தீரா போரிலும், தென்னாப்பிரிக்காவின் போயர் போரிலும் பங்குகொண்டார். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை மான்ஸ் நகரிலிருந்து பின்வாங்கியபோது மூன்றாம் படைப்பிரிவில் பணியாளர் அதிகாரியாக இருந்தார். 1915 திசம்பரில் சர் வில்லியம் இராபர்ட்சன் பேரரசின் தலைமைப் படைத்தலைவரானபோது, மோரிஸ் இலண்டன் போர் அமைச்சகத்தில் படை நடவடிக்கைகளின் இயக்குநராக அமர்த்தப்பட்டார். எந்தப் போர்முனையில் எத்தனை வீரர் உளர் என்ற கணக்கெல்லாம் அவர் மேசைக்கு வந்தே தீரும். பின்னர் எழுந்த பெரும் பூசலுக்கு இக்கணக்குகளே வித்தாயின.

1918ஆம் ஆண்டு இளவேனில்

1917இல் பாசன்டேல் சேற்றில் நடந்த நெடும்போரில் பிரிட்டிஷ் படை பேரிழப்புக்கு உள்ளாயிற்று. பிரதமர் லாயிட் ஜார்ஜுக்குப் பிரான்சிலிருந்த தலைமைத் தளபதி ஹேக் மீது நம்பிக்கை குறைந்தது. மேலும் வீரர்களை அனுப்பினால் அவர்களையும் வீணே பலியிடுவார் என்று அவர் அஞ்சினார். ஆகவே கேட்ட அளவுக்கு ஆட்களை அனுப்பவில்லை. படைத்தலைவர்களோ செர்மனி பெரும் தாக்குதலுக்கு ஆயத்தமாகின்றது என்று எச்சரித்து வந்தனர். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையால் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாக இருந்த காலாட்பட்டாளங்கள் ஒன்பதாகக் குறைக்கப்பட்டன. அதே வேளையில் பிரெஞ்சுப் படையிடமிருந்து மேலும் பல மைல் நீளமுள்ள போர்முனையைப் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. குறைந்த ஆட்களைக் கொண்டு நீண்ட வேலியைக் காக்க நேர்ந்தது. பிப்ரவரியில் இராபர்ட்சன் பதவியிழந்தார். சர் ஹென்றி வில்சன் அவ்விடத்திற்கு வந்தார்.

மார்ச்சு 21ஆம் நாள் விடியற்காலையில் செர்மானியப் பீரங்கிகள் முழங்கின. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 38,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 21,000 பேர் சிறைப்பட்டனர். சில நாள்களில் செர்மானியர் சுமார் 40 மைல் முன்னேறினர். மூன்றாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் அசையாதிருந்த போர்முனை உடைந்தது.

பொறுப்பு யாருடையது என்று மக்கள் கேட்டனர். ஏப்ரல் 9ஆம் நாள் லாயிட் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் பேசினார். 1917 சனவரி முதல் நாளில் இருந்ததைவிட 1918 சனவரி முதல் நாளில் பிரான்சிலிருந்த படை கணிசமாக வலுப்பெற்றிருந்தது என்று கூறினார். மத்தியக் கிழக்கில் நிறுத்தப்பட்டிருந்த வெள்ளையர் படைப்பிரிவுகள் மிகச் சிலவே என்றும் சொன்னார். நிதியமைச்சர் போனார் லா ஏப்ரல் 23ஆம் நாள் மற்றொரு விடை தந்தார். போர்முனையின் நீட்டிப்பு வெர்சேல்சில் கூடிய உயர் போர்க் குழுவினால் முடிவுசெய்யப்பட்டதன்று என்பது அவ்விடையின் சாரம்.

இக்கூற்றுகளின் உட்பொருள் யாது? அரசு வேண்டிய ஆட்களைத் தந்தது. தோற்றவர்கள் தளபதிகளும் வீரர்களுமே என்பதுதானே? மோரிஸ் கணக்குகளை அறிந்தவர், வெர்சேல்சுக்குச் சென்றவர். படையின் மொத்தத் தொகை கூடியிருந்தது மெய். ஆனால் அத்தொகையில் கூலிப் படையினரும் போரிடாத பிற பணியினரும் அடங்குவர். பதுங்குகுழியில் துப்பாக்கியுடன் நிற்கும் வீரர்களின் எண்ணிக்கையோ குறைந்திருந்தது. ஒரு தொகை சரியாக இருந்தும் அது தரும் பொருள் பொய்யாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மடல்

மோரிஸ் அவ்வேளையில் தம் பதவியிலிருந்து மாற்றப்பட்டிருந்தார். முதலில் அவர் முறைப்படியே சென்றார். ஏப்ரல் 30ஆம் நாள் ஹென்றி வில்சனுக்கு மடல் எழுதி, நாடாளுமன்றத்தில் கூறப்பட்டவை தவறானவை என்று சுட்டிக்காட்டினார். பயன் விளையவில்லை. பின்னர் நாளேடுகளுக்கு மடல் எழுதினார். மே 7ஆம் நாள் ‘தி டைம்ஸ்’ உள்ளிட்ட இலண்டன் ஏடுகளில் அது வெளிவந்தது. அமைச்சர்களின் மூன்று கூற்றுகளை எடுத்துக்கொண்டு, அவை உண்மையல்ல என்று அம்மடல் மறுத்தது.

படைப்பணியிலுள்ள அதிகாரி செய்தித்தாளுக்கு எழுதுதல் படை விதிகளுக்கு மாறானது. மோரிஸ் அதனை நன்கு அறிவார். மனைவியும் ஒரு மகனும் நான்கு மகள்களும் அவரை நம்பியிருந்தனர். படைத்துறையைத் தவிர வேறு தொழில் அவருக்கு இல்லை. அறிந்தே அவர் அம்மடலில் கையொப்பமிட்டார்.

தமிழ் மரபில் ஊன்றியவர்க்கு இச்செயல் வேற்று நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. தவறுமிடத்து இடித்துரைக்கும் துணையில்லாத அரசன் பகைவரில்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவனைத் தடுத்து, அச்சிறுவர்களின் உயிரைக் காத்தவர் கோவூர் கிழார். ஆனால் கோவூர் கிழார் புலவர், படைவிதிக்குக் கட்டுப்பட்டவரல்லர். அவர் அரசனின் முகத்துக்கு நேரே பேசினார். மோரிசோ பணிவிதியை ஏற்றுக்கொண்ட அதிகாரி. அரசைத் தாண்டி மக்களிடம் பேசினார். படையதிகாரிகள் ஒவ்வொருவரும் தத்தமக்குச் சரியென்று தோன்றியதை ஏடுகளில் எழுதத் தொடங்கினால் நாடு என்னாகும்? இவ்வினாவைப் புறக்கணித்துவிட்டு மோரிசைப் புகழ்தல் எளிது. அவர் அவ்வாறு எளிய வழியில் செல்லவில்லை என்பதே அவருடைய பிற்காலப் பெருமை.

நாடாளுமன்றத் தீர்ப்பு

மடல் வெளிவந்ததும் அரசு ஆட்டங்கண்டது. இரு நீதிபதிகளைக் கொண்டு விசாரிக்கலாம் என்றார் போனார் லா. முன்னாள் பிரதமர் ஆஸ்குவித் நாடாளுமன்றத் தெரிவுக்குழு வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். மே 9ஆம் நாள் விவாதம் நடந்தது. லாயிட் ஜார்ஜ் நாவன்மை மிக்கவர். தாம் சொன்ன கணக்கு மோரிசின் சொந்தத் துறையிலிருந்தே வந்ததாகும் என்று அவர் எடுத்துக்காட்டியபோது அவை முழுதும் அவர் பக்கம் சாய்ந்தது. ஏப்ரல் 18ஆம் நாள் அத்துறை தந்த விடையில் இத்தாலியிலிருந்த படையும் பிரான்சின் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது என்பது அவையில் பேசப்படவில்லை. வாக்கெடுப்பில் ஆஸ்குவித்தின் தீர்மானம் 106 வாக்குகளுக்கு எதிராக 293 வாக்குகளால் தோற்றது.

அவ்வாக்கெடுப்பு லிபரல் கட்சியைப் பிளந்தது. அதே ஆண்டு திசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆஸ்குவித்தே தம் தொகுதியை இழந்தார். மோரிசைப் படைத்துறை ஓய்வுபெறச் செய்தது. தம் கூற்றை மெய்ப்பிக்க இராணுவ நீதிமன்றமோ விசாரணை மன்றமோ அவருக்குக் கிட்டவில்லை. குற்றம் சாட்டப்படாமலே தண்டனை பெற்றவராக அவர் வீடு திரும்பினார்.

எழுதுகோல்

‘டெய்லி கிரானிகிள்’ என்னும் நாளேடு அவரைப் போர்ச் செய்தியாளராக ஏற்றது. ஆனால் 1918 அக்டோபரில் லாயிட் ஜார்ஜின் சார்பினர் அந்த ஏட்டையே விலைக்கு வாங்கிவிட்டனர். மோரிஸ் அங்கிருந்து விலகி ‘டெய்லி நியூஸ்’ ஏட்டுக்குச் சென்றார்.

1919இல் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று 1914ஆம் ஆண்டின் முதல் நாற்பது நாள்களைப் பற்றியது. மற்றொன்று 1918ஆம் ஆண்டின் இறுதி நான்கு மாதங்களைப் பற்றியது. 1922இல் தம் வழக்கைப் பற்றியும் போர்க்கால அரசியல் சூழ்ச்சிகளைப் பற்றியும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். தம் பக்கத்து நியாயத்தை அதில் எடுத்துரைத்தார். ஆனால் வாழ்நாள் முழுதும் அவ்வழக்கையே பேசிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. அதே 1922ஆம் ஆண்டில் அவருக்கு வேறொரு கதவு திறந்தது.

தொழிலாளர் கல்லூரியின் முதல்வர்

பாட்டனார் நிறுவிய தொழிலாளர் கல்லூரிக்கு மோரிஸ் 1922இல் முதல்வரானார். 1933 வரை அப்பொறுப்பில் இருந்தார். கருத்து வேற்றுமையால் பதவியிழந்த பேராசிரியர் தொடங்கிய கல்லூரி, கருத்து வேற்றுமையால் பதவியிழந்த தளபதியை வரவேற்றது.

அக்கல்லூரியின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. பட்டத்தையும் ஊதிய உயர்வையும் எதிர்பார்த்து அங்கு யாரும் வருவதில்லை. அச்சுக்கோப்பவரும் தச்சரும் எழுத்தரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஆசிரியர்களில் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். நாவலாசிரியர் ஈ.எம். பார்ஸ்டரும் ஒரு காலத்தில் அங்கு இலத்தீன் கற்பித்தவரே. பகல் உழைப்பில் களைத்த மனிதன் மாலையில் புத்தகத்தை விரிப்பதன் அருமையை, தோட்டப்புறங்களில் இரவுப் பள்ளி நடத்திய தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். படையில் ஆணையிட்டுப் பழகிய ஒருவர் இங்கு ஆணையிட இயலாது. வருவோர் தாமாக வருகின்றனர். பாடம் பிடிக்கவில்லையெனில் மறுநாள் வாராதொழிவர். அத்தகைய இடத்தில் மோரிஸ் பதினோராண்டுகள் தலைமை தாங்கினார்.

பேராசிரியர்

இக்காலத்தில் அவருடைய ஆய்வு ஆழம் பெற்றது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். 1925இல் இராபர்ட் லீயின் போர்த்திறனைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1927இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவரைப் படைத்துறை ஆய்வியல் பேராசிரியராக அமர்த்தியது.

அவருடைய சிந்தனையை நன்கு காட்டுவது, அரசுகளும் போரும் என்ற பொருள் பற்றி 1926இல் வெளிவந்த நூல். அதில் அவர் தம் காலத்துப் போரை நேரடியாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபதாண்டுகளுக்கு முந்திய அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டார். தென்மாநிலத் தலைவர் ஜெபர்சன் டேவிசும் தளபதி ஜான்ஸ்டனும், டேவிசும் லீயும், வடமாநிலத் தலைவர் ஆபிரகாம் லிங்கனும் தளபதி மக்கிளெலனும், லிங்கனும் கிராண்டும் என நான்கு இணைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

இந்நான்கில் சிறந்த இணை லிங்கனும் கிராண்டும் என்பது அவர் முடிபு. லிங்கன் படைத்துறைக் கல்வி பெறாத வழக்கறிஞர். முதலில் பல தவறுகள் செய்தார். தளபதிகளை அடிக்கடி மாற்றினார். படையின் அன்றாடப் பணியில் தலையிட்டார். ஆயினும் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டார். தக்க தளபதி கிடைத்ததும், போரின் நோக்கத்தைத் தாம் வகுத்து, அதனை நிறைவேற்றும் வழியை அவரிடம் ஒப்படைத்தார். கிராண்டும் தம் எல்லையை உணர்ந்து நடந்தார். ஒருவர்க்கொருவர் உண்மையை மறைக்கவில்லை.

போரை நடத்தும் தலைமை அரசியல் தலைவர்க்கே உரியது என்பதை மோரிஸ் மறுக்கவில்லை. அரசியல் தலைவனால் வீழ்த்தப்பட்ட ஒரு தளபதி, தளபதிகளே போரை நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தால் வியப்பதற்கில்லை. அக்காலத்தில் அவ்வாறு எழுதியோரும் பேசியோரும் உண்டு. மோரிஸ் அதற்கு மாறாக, அரசியல் தலைமையின் உரிமையை ஏற்று, அவ்வுரிமை நன்கு இயங்குவதற்கு வேண்டிய முறையை ஆராய்ந்தார். அரசு முடிவு செய்யட்டும். ஆனால் மெய்யான செய்திகளைக் கேட்டறிந்து முடிவு செய்யட்டும். தளபதி அறிவுரை கூறட்டும். முடிவான பின் பணியட்டும். இவ்விருவர்க்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனால் இருவரும் கெடுவர். இடையில் மாள்பவர்கள் சாதாரண வீரர்கள். பெயர் சொல்லாமலே லாயிட் ஜார்ஜுக்கும் ஹேகுக்கும் இது பொருந்துவதைப் படிப்பவர் உணர்வர்.

தம் வழக்கை வகுப்பறைக்குள் கொண்டுவந்து மாணவரைத் தம் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர் உண்டு. மோரிஸ் வேறொரு நாட்டுக்கும் வேறொரு காலத்துக்கும் சென்று, தம் நெஞ்சைச் சுட்ட வினாவைத் தொலைவிலிருந்து பார்த்தார். வரலாற்றுக் கல்வி மனிதனுக்குத் தரக்கூடிய நன்மைகளுள் இது தலையாயது.

1929இல் பிரிட்டனின் போர் உத்திகளைப் பற்றிய நூலை எழுதினார். பின்னர், படைச் சீர்திருத்தம் செய்த அமைச்சர் ஹால்டேனின் வாழ்க்கை வரலாற்றை 1937இலும் 1939இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு தளபதி ஓர் அரசியல்வாதியின் வரலாற்றைப் போற்றி எழுதினார் என்பதும் குறிக்கத்தக்கது.

கிழக்கு இலண்டன்

1933இல் அவர் கிழக்கு இலண்டன் கல்லூரியின் முதல்வரானார். துறைமுகத்தை அடுத்து, ஏழைத் தொழிலாளரும் குடியேறிகளும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. 1934இல் அக்கல்லூரி அரச பட்டயம் பெற்றுக் குவீன் மேரி கல்லூரி என்று பெயர் மாற்றம் அடைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கல்லூரி கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தது. 1944 வரை மோரிஸ் முதல்வராக இருந்தார். இழக்கவிருந்த கல்வியாண்டுகளை மாணவர்க்கு இழக்காமல் காத்த காலம் அது.

முன்னாள் படைவீரர்களின் அமைப்பாகிய பிரிட்டிஷ் லீஜியனுக்கும் அவர் 1932 முதல் 1947 வரை தலைவர். அப்பணியில் அவர் எண்ணியதெல்லாம் ஈடேறியது என்று கூறுவதற்கில்லை. 1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியச் சிக்கல் முற்றியபோது, முன்னாள் வீரர்களை நடுநிலைக் காவலராக அங்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். 1,200 தொண்டர்கள் கப்பலேறினர். ஆனால் அவர்களுக்கு அங்கு வேலை இருக்கவில்லை. கப்பல்கள் கரையைவிட்டு வெகுதொலைவு செல்லாமலே வீரர்கள் வீடு திரும்பினர். போரின் கொடுமையைப் பட்டறிந்த பழைய வீரர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் மற்றொரு போரைத் தடுக்கலாம் என்ற அவர் நம்பிக்கையை இட்லரின் ஆட்சி பொய்யாக்கிற்று. பேராசிரியரும் தம் காலத்தின் நப்பாசைகளுக்கு அப்பாற்பட்டவரல்லர்.

காலம் தந்த சான்று

லாயிட் ஜார்ஜ் தம் போர் நினைவுகளை 1933 முதல் 1936 வரை பல தொகுதிகளாக வெளியிட்டார். அதில் மோரிசைக் கடுமையாகத் தாக்கினார். மோரிஸ் 1951ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப்பின், 1956இல், பீவர்புரூக் பிரபு எழுதிய வரலாற்று நூலொன்று வெளிவந்தது. லாயிட் ஜார்ஜின் செயலாளராயிருந்து பின்னாளில் அவர் மனைவியான பிரான்சஸ் ஸ்டீவன்சன் 1934இல் எழுதிய நாட்குறிப்பு அதில் இடம்பெற்றிருந்தது. படைக் கணக்கைத் திருத்திப் போர் அமைச்சகம் அனுப்பிய தாள் பிரதமரின் பெட்டியில் படிக்கப்படாமலே கிடந்தது என்றும், பின்னர்ச் செயலாளர் ஒருவர் அதனைத் தீயிலிட்டார் என்றும் அக்குறிப்புக் கூறியது. இதன் முழுப் பொருளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பிரதமர் அறிந்தே பொய் சொன்னாரா, அறியாமல் தவறிழைத்தாரா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் சொல்லப்பட்ட கணக்கு தவறானது என்பதில் ஐயமில்லை. 1972இல் மோரிசின் மகள் நான்சி தந்தையின் ஆவணங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

மற்றொரு மகள் உலகப் புகழ் பெற்றவர். பொருளியல் அறிஞர் ஜோன் இராபின்சனே அவர். தந்தை பதவியிழந்தபோது அவருக்கு வயது பதினான்கு. கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கைகளையெல்லாம் துணிந்து வினவியவர் என்று பெயர் பெற்றார். அமார்த்திய சென் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தார். முதுமையிலும் கேரளத்தின் திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு வந்து தங்கிக் கற்பித்தார். 1983இல் மறைந்தார். பாட்டனார் தொடங்கிய மரபு பேரனின் மகள் வரை நீண்டது.

மோரிஸ் எழுதிய மடல் சரியா, தவறா என்ற வழக்கு இனியும் தொடரும். கணக்கைப் பொறுத்தவரை அவர் கூறியது மெய். விதியைப் பொறுத்தவரை அவர் செய்தது மீறல். இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. மீறலுக்குரிய விலையை அவர் முழுமையாகச் செலுத்தினார். மன்னிப்பையும் கேட்கவில்லை, பழிவாங்கவும் முற்படவில்லை. ஒரு மடலால் நாட்டுக்குச் சொல்ல இயலாததைப் பல ஆண்டுப் பாடங்களால் மாணவர்க்குச் சொன்னார்.

வரலாற்று வகுப்பில் அவருடைய கதையைச் சொல்லும் ஆசிரியர், மே 9ஆம் நாள் வாக்குக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாகாது. 293, 106 என்னும் எண்களுக்குப்பின், மாலை வேளையில் விளக்கேற்றப்பட்ட ஒரு வகுப்பறையும், வேலை முடிந்து வந்தமர்ந்த மாணவரும், கையில் குறிப்புத்தாளுடன் நின்ற ஒரு முன்னாள் தளபதியும் உண்டு. அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நிறைவுபெறும்.